இருநூற்று நாற்பது இடது கால்கள்

ஒரு வியாழக்கிழமை, விடியல் ஷிஃப்டில்,
ராணிப்பேட்டை சிப்காட்டின் கட்டிங் ஹாலில்
இருநூற்று நாற்பது இடது கால்களை வெட்டினேன்.
வலது ஒன்றுகூட இல்லை.

கணினியில் ஒரே ஒரு பொத்தான்.
வடிவத்தைப் புரட்டிப் போடவேண்டும், அவ்வளவுதான்.
புரட்டியதாகத்தான் ஞாபகம்.
ஞாபகம் அன்றைக்கு
ரிசர்வில் ஓடும் ஸ்கூட்டிபோல
மூன்று மணிநேரத் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கன்றுத்தோல். காப்பிக்கொட்டை நிறம்.
மேசையில் பரப்பியபோது
அத்தனையும் ஒரே பக்கமாய் வளைந்து
ஒரு ஊர்வலம் தெருமுனையில் திரும்புவதுபோல் இருந்தது.
யாரோ சிரித்தார்கள்.
நான்தான்.

ஒன்பது மாதமாய் என் நாள் இது:
ஐந்து பத்துக்குக் கம்பெனி பஸ்.
இரண்டரைக்கு ஷிஃப்ட் முடிந்தால்
மேலே ஓவர்டைம்.
இரவு எட்டுக்குமேல் சொந்தத் தொழில்,
துண்டுத்தோலில் கைப்பை;
இன்ஸ்டாகிராமில் நாற்பத்தொரு பேர் பின்தொடர்கிறார்கள்,
அதில் ஆறு பேர் சித்தி பிள்ளைகள்.
பதினொன்றுக்குமேல் தபால்வழி எம்.பி.ஏ.
எல்லாத் தாளும் தேறிவிட்டேன்,
நேர மேலாண்மையில் மட்டும் அரியர்.

டைரியின் முதல் பக்கத்தில்
சிவப்பு மையில் எழுதியிருந்தேன்:
தூங்கினவன் கன்று கடாக்கன்று.
கடாவோ கிடேரியோ
உரித்து மேசைக்கு வந்தபின்
என்ன வித்தியாசம் என்று
அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

மேனேஜர் முதஸ்ஸிர் கத்தவில்லை.
ஒரு இடதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"இந்த லாட் தோல் தீர்ந்துபோச்சு.
இதே நிறம் இனிமே கிடைக்காது" என்றார்.
அப்புறம் கால்குலேட்டரைத் தட்டினார்.
அந்தச் சத்தம் கத்தலைவிட மோசம்.
ஆறு மாதம் பிடித்தம்.
"வீட்டுக்குப் போ, இந்துராணி.
மிஷின் பக்கம் இன்னைக்கு நிக்காதே."

பகல் பதினொன்றுக்கு
பாலாற்றுப் பாலத்தில் ஷேர் ஆட்டோ.
கீழே மணல், மணல், ஒரு நாய், மணல்.
எங்கள் பக்கத்துக் கேலி ஒன்று உண்டு:
ராஜா இல்லாத கோட்டை,
மரம் இல்லாத மலை,
நீர் இல்லாத ஆறு.
தூக்கம் இல்லாத என்னையும்
அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.
ஆனால் ஆற்காட்டில் எங்கள் குழாயில் வருவது
இந்த ஆற்றின் அடித்தண்ணீர்தான்.
படுத்தே கிடக்கிறது,
கொடுத்துக்கொண்டும் இருக்கிறது.
பாலம் முடிவதற்குள் அந்த யோசனையும்
கொட்டாவியில் கலைந்துபோனது.

தூங்கினேன்.
மே மாதத்துப் பகல், ஃபேன் இரண்டில்,
ஓட்டுவீடு அடுப்பாய்க் கொதிக்க,
குக்கர் விசில், பக்கத்து வீட்டுச் சண்டை,
தங்கை சத்யவேணி இரண்டுமுறை
மூக்கில் கைவைத்துப் பார்த்தாளாம்.
எழுந்தபோது வெள்ளிக்கிழமை.

இப்போது பத்து மணிக்குப் படுக்கிறேன்.
போன் அரிசி டின்னுக்குள்.
சொல்வது சுலபம்; முதல் வாரம்
இருட்டில் எழுந்து போய்
அரிசிக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
அரியரை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவிட்டேன்.
கைப்பை வாரத்துக்கு ஒன்று.
பின்தொடர்கிறவர்கள் முப்பத்தெட்டு.
போன மூன்று பேரில் ஒருத்தி சித்தி மகள்.
அவளுக்கு இரவு ஒன்றரைக்கு
நான் பதில் அனுப்பவில்லையாம்.

பிடித்தம் இன்னும் இரண்டு மாதம் பாக்கி.
காசு கொடுத்தாயிற்று, பொருள் என்னுடையது என்று
ஒரு இடதைக் கேட்டு வாங்கி வந்தேன்.
தலைமாட்டு ஆணியில் தொங்குகிறது.
சத்யவேணி அதில் சீப்பு செருகுகிறாள்.

நள்ளிரவில் இன்னமும்
ஏதாவது யோசனை வந்து தட்டும்.
புதுப் பையின் மடிப்பு, ஒரு வாடிக்கை,
சில நேரம் நிஜமாகவே நல்ல யோசனை.
காலையில் வா என்று திரும்பிப் படுக்கிறேன்.
பாதி வருவதில்லை.
வருகிறவை
இரண்டு காலோடு வருகின்றன.